நாலு மணி நீலச் சட்டை

“இங்கே வாம்மா! அந்த நீலச் சட்டை இன்னிக்கும் வந்துட்டான்!”

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, நோட்டில் நேரத்தைக் குறித்தார் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். மூன்று மாதமாகக் கட்டிலே கதியென்று கிடந்த மனுஷன், இந்த ஒரு வாரமாகத்தான் ஷேவ் செய்து, ஷூ மாட்டி, வயிறாரச் சாப்பிடுகிறார்.

“பயமா இருக்கு மாமா. போலீஸுக்குச் சொல்லிடலாமா?” என்றாள் மருமகள்.

“அப்போ நான் யாராம்? நீ உள்ளேயே இரு.”

விறுவிறுவென்று தெருவில் இறங்கி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“யாருய்யா நீ? யாரை நோட்டம் விடறே?”

“அடிச்சுடாதீங்க சார்! நான் நாடகத்துல நடிக்கிறவன். ‘மாமா சும்மா இருந்தே துவண்டு போயிட்டார். தினமும் நாலு மணிக்கு வந்து திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நில்லுங்க’ன்னு உங்க மருமகதான் சொன்னாங்க...”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஜன்னலில் கவலை தோய்ந்த முகத்தோடு மருமகள்.

பிடியைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்தினார்.

“உதறிட்டு ஓடு. நாளைக்குச் சட்டையை மாத்திட்டு வா. ஒட்டு மீசை இருந்தா இன்னும் நல்லது.”

மூச்சு வாங்க வீட்டுக்குள் வந்தார்.

“நழுவிட்டாம்மா! பெரிய கும்பல் போலிருக்கு. பிடிக்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும்!”