முப்பதா, முப்பத்தொண்ணா?

சண்டைலாம் இல்லீங்க. பாரிவாக்கத்துல ஒரே தெருவ தாலுக்கா ஆபீஸ் எண்ணுனா முப்பத்தொரு குடும்பம், எங்க சர்வே ஆபீஸ் எண்ணுனா முப்பது. ரெண்டுமே கவர்மெண்ட். இந்தத் தடவ சேந்து போய் பாருங்கன்னு மேல சொல்லிட்டாங்க.

தாலுக்கா பக்கம் கஜபதி சார். எங்க பக்கம் கணக்கெடுத்த பவித்ரா, கான்ட்ராக்ட் பொண்ணு. வண்டி ஓட்ட நானு, கோதண்டம். வர்றப்போ முன்சீட்ல சார், பின்னாடி பவித்ரா.

கணக்கு இடிச்சது எத்திராஜ் ஊட்ல. நடுவுல சுவரு. அந்தாண்ட தம்பி ஹேமநாதன். பவித்ரா ஒரே குடும்பம்னு போட்டிருந்துச்சு.

"ஒண்ணா?" எத்திராஜ் சிரிச்சாரு. "கோர்ட்ல கேஸ் நடந்துகினு கீது சார். ரேஷன் கார்டே வேற."

தம்பி அவரு வாசல்லருந்து, "அந்தாளு ஊட்டுப் பச்சத்தண்ணி கூட என் வாய்ல படாது. எழுதிக்கோ."

கஜபதி சார் திரும்புனாரு. "ஊட்ல உக்காந்துகினே ரொப்பினியாம்மா? ஒரே அடுப்புல சாப்டாதான் ஒரு குடும்பம். இது கூட சொல்லித் தரலியா?"

பவித்ரா கணக்கெடுக்கற டேப்ப மூடி பைல வச்சிச்சு.

"நான் எழுதிக் குடுத்தா உன் வேலை இன்னியோட காலி. எதுனா சொல்லு."

"எழுதிக்கோங்க சார்."

எனுக்கே கோவம். தப்பு பண்ணாலும் ஒரு சாக்காவது சொல்லலாம்ல.

"சரி, அடுப்பப் பாத்துட்டே எழுதறேன்." சார் தம்பி ஊட்டுக்குள்ள போனாரு. பின்னாடியே நானும்.

அடுப்பு இருந்துச்சு. டியூபு இல்ல. பர்னர்ல சிலந்திக் கூடு. ஹேமநாதன் ஒரு நாளாவது சமையக்கட்டுக்குள்ள காலு வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பின்கதவு வழியா பாத்தா, எத்திராஜ் சம்சாரம் வடிவு ஒரே சட்டிலருந்து மீன்கொழம்ப ரெண்டு கிண்ணத்துல ஊத்துது. ஒண்ண வாங்கிக்கினு திரும்புது தம்பி சம்சாரம் சித்ரா.

எங்களப் பாத்ததும் ரெண்டு மூஞ்சியும் வெளுத்துப்போச்சு.

"கேஸ் போட்ட நாள்லருந்து இப்டித்தான் சார்," வடிவு குரல எறக்கிச்சு. "தெரிஞ்சா ரெண்டு ஆம்பளைங்களும் சட்டியோட வெளிய கடாசிருவாங்க. யாராண்டையும் சொல்ல மாட்டேன்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சே..."

"அது சொல்லல," சார் மெதுவா சொன்னாரு.

வெளிய வந்தாரு. அண்ணனும் தம்பியும் மொறச்சிகினு நிக்கறாங்க.

"ரெண்டு குடும்பம்தான்யா," தெருவே கேக்கற மாதிரி கத்துனாரு. "போங்க, போய் சாப்டுங்க."

கத்திக்கினே அவரு டேப்ல, அவங்க ஆபீஸ் போட்ட முப்பத்தொண்ண அழிச்சிட்டு முப்பதுன்னு போட்டாரு.

"கோதண்டம், வண்டிய எடு. பவித்ரா மேடம் முன்சீட்ல உக்காரட்டும்."

போனேன்.