பூசை போடாத தள்ளுவண்டி

உக்கடம் லாரி ஷெட்டில் பத்து மணி வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது. சுமை தூக்குகிறவர்களின் இடுப்பு போகக்கூடாதென்று வாங்கிய இரும்புத் தள்ளுவண்டி, சந்தனப் பொட்டோடு மயில்சாமியின் முதுகில் ஏறி, மேல் திண்ணையிலுள்ள சாமி படத்தை நோக்கிப் படியேறிப் போகிறது. இருபது வருடம் மூட்டை சுமந்த இடுப்பு ஒவ்வொரு படிக்கும் சுளீரென்கிறது. "பக்கத்துச் சரிவுல உருட்டிட்டே போயிருக்கலாமுங்களே, மொதலாளி!" "பூசைக்கு முன்னால சக்கரம் உருளப்படாது கண்ணு," என்கிறார் திருமலைசாமி, சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டியபடி. மயில்சாமியின் தலைக்கு மேலே நான்கு சக்கரங்களும் கிறீச்சிட்டுச் சும்மா சுற்றுகின்றன. அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடுப்படியில் நின்றுவிடுகிறார். "ஏனுங்க, அந்தப் பழத்த என்ற காலுக்கடியில வையுங்க. இங்க வண்டி நாந்தானுங்க."