பாதி சோடா

பிள்ளை பெற்ற இருபதாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்ட பொற்கொடியிடம் கணவன் தவமணி சோடா பாட்டிலை நீட்டினான். "கேஸ்தான்டி. குடிச்சிட்டுப் படு." டிவிக்குத் திரும்பிவிட்டான். அவள் பாதிதான் குடித்தாள்.

மறுநாள் ஆஞ்சியோ பார்த்த டாக்டர், "இதய ரத்தக்குழாயோட உள்சுவர் தானாவே கிழிஞ்சிருக்கு. ஸ்டென்ட் வைக்கப்போனா இன்னும் கிழியலாம். தொடாம விட்டா ஆறிடும்" என்றார்.

ஆறியது. மிச்ச சோடாவை மட்டும் அவள் கொட்டவில்லை. மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே மூடி வைத்திருந்தாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், தவமணி வியர்த்து வழிய நெஞ்சைப் பிடித்தான். "கொடி, ஆட்டோவக் கூப்பிடு."

போன் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் டம்ளரில் ஊற்றினாள்.

"கேஸ்தாங்க. குடிச்சிட்டுப் படுங்க."