தட்டு திறந்தது

பம்ப் கம்பெனியின் பழைய டெஸ்டிங் கம்ப்யூட்டரை, கணபதி ஏரியாவிலுள்ள மாடி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜெனிதா, சர்வருக்குள் வெர்ச்சுவல் மெஷினாக, அதாவது பெட்டியில்லாமல் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டராக, மாற்றியிருந்தாள். பழைய பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் மெஷினின் டிஸ்க் பட்டியலில் சிடி டிரைவ் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. நீக்கினாள், மறுநாள் திரும்ப வந்தது. தினமும் பதினொன்று பத்துக்கு 'தட்டு திறந்தது' என்று பதிவாகும். இல்லாத டிரைவுக்குத் தட்டு ஏது? திறந்தபின் மூடாது. அன்றைக்கு முழுக்க மெஷின் உறைந்துவிடும். மூன்று நாளாக பம்புகள் சோதிக்காமல் குவிந்துகிடந்தன.

போர்மேன் சுப்பண்ணனிடம் கேட்டாள். "ஏனுங்ண்ணா, அந்த சிடி தட்டுல என்ன போடுவீங்க?"

"சிடி போட்டுப் பாத்ததில்லீங்க அம்மணி. டெஸ்டிங் பாத்த ஞானாபரணம் சார் அதுல டீ டம்ளர் வெப்பாருங்க. அவரும் போன மாசம் தவறிப்போனாருங்க."

எரிச்சலோடு ஒரு டீ வாங்கிவந்து சர்வர் ரேக்கின் மேல் வைத்தாள்.

பதினொன்று பத்துக்குத் தட்டு திறந்தது. பதினொன்று இருபதுக்கு மூடியது. கீழே பம்புகள் ஓடத் தொடங்கின.

டம்ளரை எடுத்தாள். டீ ஆறியிருந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை. அவள் அதை ஒரே ஒருமுறைதான் வைத்தாள். ரேக்கின் மேல் ஈர வளையங்கள் இரண்டு இருந்தன.