கதவைத் திறந்த மாமனார்

"அறிவு இருக்குதா மாமா? உள்ள பிலிம் கழுவுறேன், கதவத் தொறக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

குளியலறை வாசலில் நின்று எழிலன் கத்திய கத்தல் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமனார் பொன்னுசாமி கதவுப் பிடியை விடாமல் தலைகுனிந்து நின்றார். "தப்புதான் மாப்ள. மறந்தாப்ல தொறந்துட்டேன்."

"மறந்தாப்லயா? கொழந்த காதுகுத்து மொத்தமும் அந்த ஒரே ரோல்லதான் இருக்குது! டப்பா மூடியத் திருகறதுக்குள்ள வெளிச்சத்த உட்டுட்டீங்களே!"

போனில் எடுத்தால் ஆகாதா? ஆகாதாம். கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்து, அதை வீட்டு பாத்ரூமை இருட்டாக்கிக் கழுவினால்தான் கலையாம். காதுகுத்தில் ஒருத்தரும் போனைத் தூக்கக் கூடாது என்று சொந்தபந்தத்தையே மிரட்டி வைத்தவனும் சாட்சாத் இவன்தான்.

மனைவி தமிழினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்று மகளை அடக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டார் பொன்னுசாமி.

"சாப்டுட்டுப் போ நைனா."

"பசிக்கலம்மா. சிங்கவரம் பஸ் போயிடும்."

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எழிலன் ஒப்புக்குக்கூட 'இருங்க' என்று சொல்லவில்லை.

கெட்டது கெட்டதுதான், எதற்கும் பார்ப்போம் என்று டப்பாவில் மருந்தை ஊற்றிக் குலுக்கி, அலசி, பிலிமை வெளியே இழுத்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

வெளிச்சம் பட்டிருந்தால் பிலிம் கரியாய்க் கறுத்திருக்க வேண்டும். இதுவோ கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. கதவு திறந்தபோது மூடி திருகாவிட்டாலும் டப்பாமேல் உட்கார்ந்திருந்தது போல; வெளிச்சமும் படவில்லை, படமும் விழவில்லை.

அடக் கொடுமையே! கேமராவில் பிலிம் நுனியையே இவன் சரியாக மாட்டவில்லை. பிலிம் இருந்த இடத்தை விட்டு நகராமலே, காதுகுத்து முழுக்க "சிரிங்க, சிரிங்க" என்று வெறும் பட்டனை அமுக்கித் தள்ளியிருக்கிறான்.

சுருட்டிக் குப்பையில் போட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. பழிதான் ஏற்கெனவே மாமனார் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டதே! போடத்தான் போனான். கை கூசியது. பெற்ற மகள் கண்ணெதிரே அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! அவமானத்தில் காது சுட்டது.

போனை எடுத்தான்.

"மாமா... வூடு போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இப்பதான் வந்தேன் மாப்ள. சொல்லுங்க."

"படம் போனதுக்கும் கதவத் தொறந்ததுக்கும் சம்பந்தமே இல்ல மாமா. நான்தான் கேமராவுல பிலிம ஒழுங்கா மாட்டல. ஒரு படமும் விழல. உங்களப் போயி... மன்னிச்சிடுங்க மாமா."

திட்டட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

அந்தப் பக்கம் பெரிதாய் ஒரு மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது.

"அப்பாடா! அப்ப தமிழினி கதவத் தொறந்ததால ஒண்ணும் கெட்டுப் போவலன்னு மொதல்ல அவகிட்ட சொல்லுங்க மாப்ள. பாவம், பயந்து நடுங்கிக்கினு இருக்கும் புள்ள!"