ஆளுக்கொரு வாக்கிடாக்கி

"ஆளுக்கொரு வாக்கிடாக்கி எதுக்குன்னுதான் கேக்கறேன்..."

"மொத்தப் பணமும் அரசாங்கம் குடுக்குது, நீ ஒரு கையெழுத்து..."

"என்னை முதல்ல பேசி முடிக்க விடு."

"நீ என்னைக்குக்கா பேசி முடிச்சிருக்கே?"

நகராட்சித் தலைவியும், தீயணைப்பு நிலைய அதிகாரியான அவள் தம்பியும் அவள் அலுவலக அறையில் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மானிய விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

"பன்னிரண்டு பேருக்கு ரெண்டே வாக்கிடாக்கி. அதுல ஒண்ணு தலையில தட்டினாத்தான் பேசும்," என்றான் தம்பி. "உன் கைக்காசா போகுது? ஏன் இந்தக் கஞ்சத்தனம்?"

"கஞ்சத்தனமா?" அவள் பேனாவை மூடி வைத்தாள். குரல் தாழ்ந்தது. "வாக்கிடாக்கி இல்லாதவனை எரியற கட்டடத்துக்குள்ள அனுப்பக் கூடாதுன்னு உங்க விதி இருக்கில்ல?"

"இருக்கு."

"இருக்கிற ரெண்டும் சீனியர்ங்க கையில. புதுசா சேர்ந்த என் பிள்ளை வெளியில தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் கையெழுத்துப் போட்டா அவனையும் உள்ள அனுப்புவே. நீ அவனுக்குத் தாய்மாமன்தானேடா?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தான்.

"உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டா உன் பிள்ளை எங்கக்கா வெளியில நிக்கறான்? நான் தடுக்கறதுக்குள்ள குழாயைப் போட்டுட்டு உள்ள ஓடிடறான். போன வாரமும் அப்படித்தான். புகைக்குள்ள எந்த மூலையில இருக்கான்னு கேக்கக்கூட வழியில்லாம வெளியில நிக்கறது நான்தான்க்கா."