சைக்கிள் பூட்டு

"...அந்தக் காடே இப்ப இல்லைன்னு அப்பாகிட்ட சொல்லிடு. மழையில நனைஞ்சே சாகட்டும்னு இருக்கியா?"

"சொல்றேன் இம்கே. அடுத்து, வெட்டச் சொன்னது யாருன்னு கேப்பாரே, அதுக்கு நீ பதில் சொல்றியா?"

சமையலறையில் ஃபோல்கரின் மனைவியும் மகள் இம்கேயும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் பெரியவர் ஃபோல்கருக்கு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து இவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இளவயதில், நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காட்டை அழிக்க வந்தவர்களை மறித்து, சைக்கிள் பூட்டுச் சங்கிலியால் தன்னை ஒரு மரத்தோடு பூட்டிக்கொண்டவர். அப்போது எடுத்த புகைப்படம்தான் அவரைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தது. பிறகு சுற்றுச்சூழல் அமைச்சரானார். வேறு மூன்று சுரங்கங்களை மூட நிறுவனம் ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக, அதே காட்டை வெட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மறதி நோய் வந்து, பதவியில் இருந்த வருஷங்களை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டது. இப்போது தினமும் சங்கிலியோடு கிளம்பிவிடுகிறார். பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். ஏதாவது ஒரு மரத்தில் தன்னைப் பூட்டிக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார்.

இன்று பூட்டியதும் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இப்ப அமைச்சர் யாரு தம்பி? பேரு சொல்லு. ஒரு தடவை நேர்ல வந்து இந்த மரத்தைப் பாத்தார்னா, கையெழுத்துப் போட அவருக்கு மனசு வராது."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் கேட்பார். என்ன சொல்லட்டும்? யாருக்காவது தோன்றினால் கீழே பதில் எழுதுங்கள்.